டேனியல் புயல், தெர்னா வெள்ளம்: காற்றோட்டமா, அணைகளா?

வளியோட்டம்:
2023 செப்டம்பரில் லிபியாவின் தெர்னா நகரம் அழிந்ததற்கு அணைகள் உடைந்ததே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த அணைகளுக்கு அவ்வளவு நீர் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அம்மாத முதல் வாரத்து வானிலை வரைபடத்தில், ஐரோப்பாவின் நடுவே ஓர் உயர் அழுத்தம் அசையாமல் நிற்க, ஸ்பெயின் பக்கம் ஒன்றும் கிரீஸ் பக்கம் ஒன்றுமாக இரண்டு தாழ்வழுத்தங்கள் சிக்கிக் கிடப்பதைக் காணலாம். வரைபடத்தில் காற்றோட்டத்தைக் காட்டும் கோடுகள் கிரேக்க எழுத்தான ஒமேகாவைப் (Ω) போல வளைவதால் இதை ஒமேகா தடுப்பு என்கிறார்கள். உயரத்தில் வேகமாக வீசி, தாழ்வழுத்தங்களைக் கிழக்கே தள்ளிச் செல்லும் ஜெட் காற்றோட்டம் இப்படி வளைந்து நின்றுவிட்டால், கடந்துபோக வேண்டிய மழை ஒரே வட்டாரத்தில் கொட்டித் தீர்க்கிறது. கிரீஸ் பக்கத்துத் தாழ்வழுத்தமே டேனியல் புயல்; அதனால் கிரீஸின் ஸகோராவில் ஒரே நாளில் 750 மி.மீ.க்கு மேல் பெய்தது. அதே வாரம் உயர் அழுத்தத்தின் கீழிருந்த பிரிட்டனில் தொடர்ந்து 7 நாட்கள் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது.

கரைவாசி:
வரைபடத்தை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் லிபியாவில் பதிவான உச்சம் அல் பைதாவின் 414 மி.மீ. தான். அதைவிட அதிகம் பெய்த கிரீஸில் உயிரிழந்தோர் 20-க்கும் குறைவு, தெர்னாவிலோ ஆயிரக்கணக்கானோர். அந்த நகரத்தை இரண்டாகப் பிளந்து ஓடும் காட்டாறு ஆண்டில் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். அதன் ஓரம் வரை வீடுகள் இருந்தன. 1970-களில் மண்ணும் பாறையும் கொண்டு கட்டிய மேலணை செப்டம்பர் 11 அதிகாலை இருட்டில் உடைந்து, அந்த நீர் கீழணையையும் அடித்துக்கொண்டு உறங்கும் நகரத்துக்குள் புகுந்தது. இதற்குக் காற்றைக் குற்றம் சொல்வது பொறுப்பானவர்களைத் தப்பவிடுவதாகும்.

மழைமானி:
இருவருமே கடலை விட்டுவிட்டீர்கள். கிரீஸை விட்டு நகர்ந்த புயல் வழக்கத்தைவிடச் சூடான மத்தியதரைக் கடலில் வலுப்பெற்ற பிறகே லிபியாவை அடைந்தது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும்.

வளியோட்டம்:
கடலைச் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் 7 விழுக்காடு மட்டும் இத்தகைய மழையைத் தராது, நீராவியை ஓரிடத்தில் குவிக்கக் காற்றோட்டம் வேண்டும். 2010-இல் ரஷ்யாவின் மேல் வாரக்கணக்கில் நின்ற உயர் அழுத்தம் அங்கே காட்டுத்தீயை மூட்டியது. அதன் கிழக்குப் புறத்தில் தெற்கே இறங்கிய மேல்வளி அலை (உயரத்துக் காற்றோட்டத்தின் வளைவு) பருவமழையோடு சேர்ந்து பாகிஸ்தானின் ஐந்தில் ஒரு பங்கை மூழ்கடித்தது. அணையைச் செப்பனிடும் பொறியாளருக்கும் இந்த அறிவு தேவை.

கரைவாசி:
அதை ஏற்கிறேன். இத்தகைய தடுப்பு உருவாவது பல நாட்களுக்கு முன்பே கணிப்பில் தெரிகிறது என்றால், மேலணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக் காட்டாற்றங்கரை மக்களை மேட்டுக்கு அனுப்பும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு உங்கள் வரைபடத்தில் விடை இல்லை.