வான்கோழிக் குஞ்சுகளை நாட்டுக்கோழிகளோடு விடலாமா? ஒன்று செத்துவிட்டது

நிபோங் திபால் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 4 வருடமாக அங்கே 11 நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. போன மாதம் ஆசைப்பட்டு 6 வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி, அதே கொட்டகையில் விட்டேன். கோழிகள் கொத்தவில்லை, எல்லாம் ஒன்றாகத்தான் தீனி தின்றன. மூன்றாவது வாரம் ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. எச்சம் மஞ்சள் தூளைக் கரைத்த மாதிரி. தீனிக் கடையில் ஒரு ஆன்டிபயாட்டிக் பொடி கொடுத்தார்கள், தண்ணீரில் கலந்து வைத்தேன். இரண்டே நாளில் செத்துவிட்டது. இன்று காலையில் இன்னொன்றும் அப்படியே நிற்கிறது. கோழிகளுக்கு ஒன்றும் இல்லை. எங்கே தப்பு?

சுங்கை பாக்காப் அக்கா:
தம்பி, முதலில் மீதி குஞ்சுகளை இப்போதே மண்ணிலிருந்து தூக்குங்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், வலை போட்ட கூண்டு போதும். நோயாளிக் குஞ்சைத் தனியாக வையுங்கள். மற்றதை அப்புறம் படியுங்கள்.

நீங்கள் சொல்கிற அந்த மஞ்சள் எச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். 10 குஞ்சுகள் வளர்த்து 8 இழந்தேன். இதைக் கருந்தலை நோய் என்பார்கள். ஆனால் தலை கறுக்கும் என்று காத்திருக்காதீர்கள், என் குஞ்சுகளுக்குக் கறுக்கவே இல்லை. இது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. கோழியின் குருட்டுக்குடலில் ஒரு சின்னப் புழு இருக்கும், அதன் முட்டைக்குள் இது ஒளிந்துகொண்டு எச்சத்தோடு மண்ணுக்கு வரும். அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கெடாது. மண்புழு அதைத் தின்னும், மண்புழுவை வான்கோழி தின்னும். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வான்கோழிக்கு ஈரலே போய்விடும். உங்கள் கோழிகள் நன்றாக இருப்பதை வைத்து மண்ணும் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 4 வருடம் கோழி மேய்ந்த இடம் அது.

ஆன்டிபயாட்டிக்கை அந்த ஒட்டுண்ணி பொருட்படுத்தாது. முன்பு இதற்கென்று இருந்த மருந்துகளை இறைச்சிக்கு வளர்க்கும் பறவைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தடுத்துவிட்டார்கள். கோழிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தால் புழு குறையும், அவ்வளவுதான். இனி ஒரு குஞ்சு செத்தால் புதைக்காதீர்கள். ஐஸில் வைத்து அன்றே வெட்டினரி ஆபீசுக்குக் கொண்டுபோங்கள். உறையவிடக் கூடாது.

புக்கிட் மெர்தாஜம் வாசி:
அக்கா சொல்வது இருக்கட்டும், நான் 3 வருடமாக இரண்டையும் ஒன்றாகத்தான் விடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

தம்பி, தீனியையும் பாருங்கள். கோழிக்குஞ்சுத் தீனியில் புரதம் 20 சதவீதம் அளவில்தான் இருக்கும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் 28 சதவீதம் வேண்டும். வான்கோழித் தீனி கிடைக்காதபோது நான் அவித்த முட்டையைப் பிசைந்து, முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிக் கலந்து கொடுப்பேன். முட்டைக்கோழித் தீனி மட்டும் வேண்டாம், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம்.

சுங்கை பாக்காப் அக்கா:
தீனி விஷயம் சரி. ஆனால் உங்கள் மண்ணில் அந்த ஒட்டுண்ணி இன்னும் வராததால் தப்பித்திருப்பீர்கள். வெளியிலிருந்து ஒரு கோழி வாங்கிச் சேர்த்தால் அதுவே கொண்டுவந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது, மூன்றே மூன்று கோழிகளால்.

பிழைத்த இரண்டு வான்கோழிகளில் ஒன்று சேவல். கோமுத்தர் ரயில் ஊதினால் கழுத்தை நீட்டி அதுவும் பதில் கொடுக்கும். கூப்பிட்டால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்க்கும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நிபோங் திபால் தம்பி:
அக்கா, இரண்டாவதும் போய்விட்டது. நீங்கள் சொன்னபடி ஐஸில் வைத்து எடுத்துப்போனேன். அதிகாரி அறுத்துக் காட்டினார். ஈரல் முழுக்க வட்ட வட்டமாகக் குழி விழுந்த புள்ளிகள், காசை அழுத்தி எடுத்த மாதிரி. குருட்டுக்குடல் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி போல அடைத்திருந்தது. கருந்தலை நோய்தான் என்றார்.

மீதி 4 குஞ்சுகளும் கூண்டில் இருக்கின்றன, நன்றாகத் தின்கின்றன. வீட்டு முன்பக்கம் சிமெண்டுத் தரை, கோழிகள் அங்கே வந்ததே இல்லை. வளர்ந்த பிறகு அங்கே விடலாமா?

சுங்கை பாக்காப் அக்கா:
விடலாம். சிமெண்டைக் கழுவலாம், கழுவினால் காயும், அதுதான் வேண்டும். வெயிலுக்கு ஒரு பக்கம் நிழல் போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரம், தீனித் தட்டு எல்லாம் தனி. முன்பக்கத்துக்கு ஒரு செருப்பும் தனியாக வையுங்கள் தம்பி, கோழிக்கொட்டகைக்குப் போட்டுப்போன செருப்போடு குஞ்சுகளிடம் போகாதீர்கள்.