1988 ஏசிசி மகளிர் இறுதி ஆட்டம்: தோல்வியா, டிராவா?

ராலே ஓநாய்:
நேற்று இன்னோர் இழையில் தார்க்குதிகால் ஐயா எழுதியதை இரவு பதினொரு மணிக்குப் படித்துவிட்டேன். தூக்கம் போய்விட்டது. "1986 முதல் 1990 வரை 103 ஆட்டங்கள். வட கரோலினாவை ஒருவராலும் வீழ்த்த முடியவில்லை" என்கிறார். ஒருவராலும்! அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் (ஏசிசி) என்ற அமெரிக்கக் கல்லூரி லீகின் மகளிர் கால்பந்துக் கோப்பைப் போட்டி முதன்முதலாக நடந்தது 1988இல். இறுதி ஆட்டத்தில் மோதியவை அவருடைய வட கரோலினாப் பல்கலைக்கழகமும் எங்கள் ராலேயின் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகமும். ஆட்டம் சமனாகி, பெனால்டிக்குப் போய், கோப்பையை எங்கள் பெண்கள் தூக்கினார்கள். அந்த ஆண்டும் 1986க்கும் 1990க்கும் நடுவில்தான் வருகிறது என்று நினைக்கிறேன். கணக்கில் நான் கொஞ்சம் மந்தம். தவறாக இருந்தால் ஐயா திருத்தட்டும்.

தார்க்குதிகால்:
திருத்துகிறேன். பெனால்டியில் முடிவாகும் ஆட்டம் கல்லூரிப் பதிவேட்டில் டிரா என்றே ஏறும். இது விதி, என் சொந்தச் சரக்கு அல்ல. 1988இல் எங்கள் கணக்கு 18 வெற்றி, 3 டிரா, தோல்வி பூஜ்யம். அந்த மூன்று டிராவில் உங்கள் ஆட்டமும் ஒன்று. 103 ஆட்டத் தொடரை முறித்தது 1990இல் கனெக்டிகட், கூடுதல் நேரத்தில் 3-2. அதைத் தோல்வி என்று நாங்களே எழுதிவைத்திருக்கிறோம், மறைக்கவில்லை. நடக்காத தோல்வியை எங்கே எழுதுவது?

ராலே ஓநாய்:
கோப்பையைத் தூக்கியது யார்?

தார்க்குதிகால்:
அதே பருவத்தில் தேசியப் போட்டியின் இறுதியில் மறுபடி சந்தித்தோமே, அது நினைவிருக்கிறதா? 4-1. அங்கே பெனால்டி வரைக்கும் போக நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

ராலே ஓநாய்:
நான் கேட்டது ஏசிசி. நீங்கள் சொல்வது தேசியப் போட்டி. கல்யாணத்துக்கு அழைத்தால் கருமாதிக்கு வந்து நிற்கிறீர்கள். கோப்பையைத் தூக்கியது யார்?

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். வட கரோலினாக்காரர்களின் ஊரான சேப்பல் ஹில்லில் விழவே இல்லை என்கிறார்கள். பூமிதான் மேலே எழுந்து வந்து மீசையைத் தொட்டதாம்.

டல்லஹாசி மீனாட்சி:
இரண்டு பேரும் 1988இலேயே குடியிருங்கள். 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை ஏசிசி கோப்பையை வாங்கியது எங்கள் ஃபுளோரிடா ஸ்டேட். அதற்கு முன்னால் 2013 முதல் 2016 வரை இன்னொரு நான்கு. 2023இல் தோல்வியே இல்லாமல் போய், தேசிய இறுதியில் ஸ்டான்ஃபோர்டை 5-1 என்று அடித்தோம். இங்கே பழைய பாத்திரத்துக்குப் புளி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி என்னவோ எளிதுதான். பெனால்டி என்பது டிரா. தார்க்குதிகால் சொல்வதே சரி. 2021 மே மாதம் தேசிய இறுதியில் சாந்தா கிளாராவிடம் நாங்களும் தோற்கவில்லை. ஆட்டம் 1-1. பெனால்டி பிறகு வந்தது.

ராலே ஓநாய்:
நல்லது அம்மா. அதே 2021 டிசம்பரில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துடன் தேசிய இறுதி ஆடினீர்கள். 0-0. பெனால்டி 4-3. அது என்ன?

டல்லஹாசி மீனாட்சி:
அது வெற்றி.

ராலே ஓநாய்:
ஆக, மே மாதம் பெனால்டி டிரா, டிசம்பர் மாதம் பெனால்டி வெற்றி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த மூன்றும் மாதத்துக்கு மாதம் இடம் மாறும்.

டல்லஹாசி மீனாட்சி:
சூழ்நிலை வேறு. கோவிட் காலத்தில் இலையுதிர் காலத்து ஆட்டத்தை வசந்தத்தில் ஆட வைத்தார்கள். இதெல்லாம் ஒரே ஒரு கோப்பையை வைத்துக் கொலு அடுக்குகிறவர்களுக்குப் புரியாது.

மோரிஸ்வில் மாமா:
கிரிக்கெட்டில் பாருங்கள். 2019 உலகக்கோப்பை இறுதி, லார்ட்ஸ். ஆட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன். பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். ஆட்டம் சமன், கோப்பை இங்கிலாந்துக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாமே? எதற்கு இத்தனை சூடு?

அப்புறம் தார்க்குதிகால் தம்பி, 2022 டிசம்பரில் கேரி மைதானத்தில் நீங்கள் இரவல் வாங்கிய என் பச்சைப் போர்வை இன்னும் வரவில்லை. நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்.

இலக்கணச் சுப்பு:
நடுவில் ஒரு வார்த்தை. "தோல்வி" என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆட்டத்தின் தோல்வி வேறு, போட்டித் தொடரை இழப்பது வேறு. தவிர, "டிரா" எதற்கு? "சமன்" என்று அழகான சொல் இருக்கிறது.

தார்க்குதிகால்:
சுப்பு சார், சென்ற மாதம் "கோல்கீப்பர்" என்பதற்கு எட்டுச் சொற்கள் கொடுத்து ஓர் இழையையே மூட வைத்தவர் நீங்கள். தயவுசெய்து.

மாமா, போர்வை பற்றித் தனியாகப் பேசலாம்.

ராலே ஓநாய்:
சுப்பு சாருக்கு நான் வரையறை தருகிறேன். கோப்பை கையில் இருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

தார்க்குதிகாலுக்கு ஒரு வினா. 1999, ரோஸ் பௌல் மைதானம், மகளிர் உலகக்கோப்பை இறுதி. அமெரிக்கா, சீனா, 0-0. பெனால்டியில் 5-4. மியா ஹாமும் கிறிஸ்டீன் லில்லியும் நீங்கள் வளர்த்த பிள்ளைகள்தானே? அந்தப் படத்தைச் சேப்பல் ஹில்லில் மாட்டாத சுவர் உண்டா? அன்று அமெரிக்கா டிரா செய்ததா, வென்றதா?

தார்க்குதிகால்:
உலகக்கோப்பையை வென்றது. ஆட்டத்தை டிரா செய்தது. பன்னாட்டுப் பதிவிலும் அது டிராதான். ஆட்டம் முடிந்த பிறகு உதைப்பவைதான் அந்தப் பந்துகள். அதில் விழும் கோல் ஆட்டத்தின் கோல் கணக்கில் சேராது. நான் ஆரம்பத்திலிருந்து இதைத்தான் சொல்கிறேன், நீங்கள்தான் பாதியிலேயே காதைப் பொத்திக்கொள்கிறீர்கள்.

ராலே ஓநாய்:
"உலகக்கோப்பையை வென்றது." அப்பாடா, வந்துவிட்டது. அப்படியானால் 1988இல் ஏசிசி கோப்பையை வென்றது யார்? நான்கே எழுத்து, என்.சி. ஸ்டேட் என்று எழுதுங்கள். விரல் சுளுக்கிக்கொள்ளாது.

இலக்கணச் சுப்பு:
நான்கு அல்ல. என், சி, ஸ்டேட் என்று எண்ணினாலும்…

ராலே ஓநாய்:
சுப்பு சார்!!

தார்க்குதிகால்:
எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? அதற்கு அடுத்த ஆண்டு ஆரம்பித்தோம். 1989 முதல் 2003 வரை இடைவிடாமல் பதினைந்து ஏசிசி கோப்பைகள். மொத்தம் இருபத்திரண்டு. உங்களுக்கு ஒன்று. 1988க்குப் பிறகு இரண்டாவது வந்ததா? அந்த ஒன்றையே ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்கிறீர்கள். ஆன்சன் டோரன்ஸ் 1979இல் ஆரம்பித்து 2024இல் ஓய்வு பெறும் வரை ஒரே பயிற்சியாளர். அவர் போன பிறகும் அதே ஆண்டு கேரியில் வேக் ஃபாரஸ்டை 1-0 என்று வென்று இருபத்திரண்டாவது என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுச் சங்கம்) தேசியப் பட்டம். இதோடு பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

ராலே ஓநாய்:
முடிக்காதீர்கள், இப்போதுதான் சுவையான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். பதினைந்து ஏன் பதினைந்தோடு நின்றது? 2004இல் இறுதி ஆட்டத்தில் வர்ஜீனியா வென்றது. எப்படி? பெனால்டியில்! உங்கள் கணக்குப்படி அது டிரா. யாரும் உங்களை வீழ்த்தவில்லை. 2005 முதல் 2009 வரை மறுபடி ஐந்து கோப்பை. ஆகவே தொடர்ச்சி முறியவே இல்லை, 1989 முதல் 2009 வரை இருபத்தொன்று என்றல்லவா எழுத வேண்டும்? ஏன் எழுதவில்லை? கோப்பை இல்லாத ஆண்டை எண்ண உங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. 2004இல் வந்த கூச்சம் 1988இல் ஏன் வரவில்லை?

டல்லஹாசி மீனாட்சி:
இது நல்ல அடி. ஓநாய்க்கு ஒரு புள்ளி.

தார்க்குதிகால்:
மீனாட்சி அம்மா, நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். மே மாதப் பக்கமா, டிசம்பர் பக்கமா?

கோப்பைத் தொடர்ச்சி வேறு, தோல்வியில்லாத் தொடர்ச்சி வேறு. இரண்டையும் குழப்புவது நான் அல்ல. 2004 ஏசிசி இறுதியும் எங்கள் பதிவில் டிராதான். 2019 தேசிய இறுதியில் ஸ்டான்ஃபோர்டுடன் 0-0, பெனால்டியில் 5-4 என்று பட்டம் போனது. அதுவும் டிராதான். எங்கேயும் மாற்றிப் பேசவில்லை.

ராலே ஓநாய்:
பார்த்தீர்களா, பெனால்டியில் போன பட்டங்களின் பட்டியலை அவரே நீட்டுகிறார். நான் கேட்கவே இல்லை.

மோரிஸ்வில் மாமா:
ஸ்டான்ஃபோர்டு என்றதும் நினைவு வந்தது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. டல்லஸில் இருக்கும் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகமும் கூட. பிள்ளைகள் ஒரு லீக் ஆட்டத்துக்காக மூன்று மணி நேர வித்தியாசம் தாண்டிப் பறக்கிறார்கள். எல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால் ஒளிபரப்புப் பணத்துக்காக. இதைப் பற்றி யாராவது கோபப்படக்கூடாதா?

டல்லஹாசி மீனாட்சி:
அது வேறு இழை, மாமா. அங்கேயும் நீங்கள் இதையேதான் எழுதினீர்கள். "டல்லஹாசிக்காரர்கள் பணத்துக்குப் பறப்பவர்கள்" என்று ஒரு வரியும் இருந்தது. மறக்கவில்லை.

மோரிஸ்வில் மாமா:
பொதுவாகச் சொன்னேன் அம்மா.

தார்க்குதிகால்:
தோல்வி என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2022 தேசிய இறுதி, கேரி. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். யு.சி.எல்.ஏ.வுக்கு எதிராக 2-0 என்று முன்னிலை. கல்லூரி ஆட்டத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடும், பூஜ்யம் தொட்டால் முடிந்தது. நடுவர் தன் இஷ்டத்துக்கு நிமிடம் சேர்க்க முடியாது. அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். பரவாயில்லை என்று போர்வையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். பலகையில் 16 விநாடி. கார்னர். ஒரு தலை எல்லாத் தலைகளுக்கும் மேலே எழுந்தது. 2-2. எனக்கு முன்வரிசையில் நீலத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், பிறகு போடவே இல்லை. கூடுதல் நேரத்தில் 3-2. அது தோல்வி. எலும்பு வரைக்கும் இறங்கிய தோல்வி. 1988 அது அல்ல.

மோரிஸ்வில் மாமா:
அந்தப் போர்வைதான் தம்பி.

ராலே ஓநாய்:
உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலித்தால் தோல்வி, வலிக்காவிட்டால் டிரா என்பது புது விதி. 1988இல் பெனால்டி முடிந்ததும் உங்கள் பெண்கள் சிரித்துக்கொண்டா வீட்டுக்குப் போனார்கள்? ராலேக்கும் சேப்பல் ஹில்லுக்கும் நடுவே முக்கால் மணி நேரச் சாலைதான். அந்த பஸ்ஸில் "ஆகா, டிரா" என்று பாட்டுப் பாடினார்களா?

கோப்பையைத் தூக்கியது யார்?

இலக்கணச் சுப்பு:
"தோல்வியில்லாத" என்பதற்கும் "வெல்லப்படாத" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரியும்.

டல்லஹாசி மீனாட்சி:
கேட்கப் போவதில்லை.

தார்க்குதிகால்:
கடைசியாக, உண்மையிலேயே கடைசியாக: பதிவேட்டைத் திறந்து பாருங்கள். 18-0-3. நடுவில் இருக்கும் பூஜ்யத்தை ஓநாயால் அழிக்க முடிந்தால் அழிக்கட்டும்.

ராலே ஓநாய்:
ஏசிசி கோப்பைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். முதல் வரி. 1988. அங்கே இருக்கும் பெயரை நீங்கள் அழியுங்கள்.

மோரிஸ்வில் மாமா:
யார் எதை வேண்டுமானாலும் அழியுங்கள். என் போர்வை?

தார்க்குதிகால்:
மாமா, அது உங்கள் போர்வை என்று எங்கே பதிவாகியிருக்கிறது?

ராலே ஓநாய்:
போர்த்திக்கொண்டிருப்பது யார்?