மறு: ‘ரெகுலேட்டரி கேப்சர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

‘ரெகுலேட்டரி கேப்சர்’, அதாவது கண்காணிக்க வேண்டிய அமைப்பே தான் கண்காணிக்கிற நிறுவனத்தின் பிடிக்குள் போய்விடுவது, இதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இழையைத் தொடங்கிவிட்டு ஒரு வாரம் காணாமல் போய்விட்டேன், மன்னியுங்கள். வந்து பார்த்தால் இத்தனை மடல்கள்! ஒவ்வொரு சொல்லையும் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் புகுஷிமா அணுமின் நிலைய விபத்து பற்றிய கட்டுரையின் வரிகளில் வைத்து வாசித்துப் பார்த்தேன். தனியே பார்க்க நன்றாக இருக்கும் சொல், வாக்கியத்துக்குள் போனதும் பல் இளித்துவிடுகிறது.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. 2011 மார்ச் 11 விபத்தை விசாரிக்க ஜப்பான் நாடாளுமன்றம் கியோஷி குரோகாவா தலைமையில் ஒரு சுயேச்சைக் குழுவை அமைத்தது. 2012 ஜூலை 5இல் வந்த அதன் அறிக்கை, இது மனிதர்களால் வந்த பேரழிவு என்று வெளிப்படையாகவே சொன்னது. ஏன் அப்படி என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கருத்துதான் ரெகுலேட்டரி கேப்சர். பொருளியல் அறிஞர் ஸ்டிக்ளர் 1971இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கருத்து. ஜப்பானிய மொழியில் ‘கிசெய் நோ தொரிகோ’ என்கிறார்கள். ‘தொரிகோ’ என்றால் கைதி, சிறைப்பட்டவன். ஆக, அந்தக் கட்டுரையின் அச்சாணியே இந்த ஒரு சொல்தான். இதைத் தப்பாகப் பெயர்த்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியே திசைமாறிப் போகும்.

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘ஒழுங்குமுறைக் கைப்பற்றல்’ நேர்ப்பெயர்ப்பு. செய்தித்தாளில் படிப்பவருக்கு, ஒழுங்குமுறை ஆணையம் எதையோ பறிமுதல் செய்தது என்றுதான் படும். கஞ்சா கைப்பற்றல், வெடிபொருள் கைப்பற்றல் என்று தினமும் படிக்கிற கண் அது. இதை விட்டுவிடலாம்.

‘வேலியே பயிரை மேய்தல்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கேட்டதும் புரிகிற பழமொழிதான். ஆனால் அங்கே வேலி தானே மேய்கிறது, தானே தின்கிறது. புகுஷிமாவில் வேலி எதையும் தின்னவில்லை, ஆடு வந்தபோது தானாகச் சாய்ந்து கொடுத்தது. பழமொழியில் ஆடே இல்லை, நமக்கு ஆடு கட்டாயம் வேண்டும்.

‘வளைத்துப்போடல்’தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘ஆபீசரை வளைச்சுப் போட்டுட்டான்’ என்று நம் ஊரில் யார் சொன்னாலும் விளங்கும், வளைத்தவன் யார் என்பதும் அதிலேயே இருக்கிறது. என் தயக்கம் ஒன்றுதான்: அந்தச் சொல்லில் காசு வாசனை இருக்கிறது. கவர் கைமாறினால்தான் வளைத்தல். புகுஷிமாவில் நடந்தது கவர் விவகாரமாக இருந்திருந்தால் பிடித்து உள்ளே போடுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்தது என்ன என்று பாருங்கள். மின்சாரம் நெடுநேரம் முழுவதுமாக நின்றுபோகும் நிலையை அணுமின் நிலையங்கள் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று 1990ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியில் எழுதி வைத்திருந்தார்கள். பிறகு 1992 வாக்கில் அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் பணிக்குழு இதை மறுபடி ஆராய்ந்தது. அப்போது, ஏன் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்பதற்கான காரணத்தை நீங்களே எழுதித் தாருங்கள் என்று மின் நிறுவனங்களிடமே கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் இருந்த சொல் ‘சகுபுன்’, அதாவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதும் கட்டுரை. இது 2012இல்தான் வெளியே வந்தது. 2011இல் அந்த நிலையத்தில் நடந்தது அதேதான்: சுனாமி வந்து மின்சாரம் போனது, போனது நாட்கணக்கில் திரும்பவில்லை, உலைகள் உருகின. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அப்பா ஒரு பஞ்சாலையில் இருந்தார். ஆய்வாளர் வருகிற தேதி ஆலைக்கு முன்கூட்டியே தெரியும். அறிக்கையை ஆலையின் கணக்கரே எழுதி வைத்திருப்பார், வருகிறவர் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பணம் கொடுத்ததாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ‘அவரு நம்ம ஆளு ஆயிட்டாருப்பா’ என்று மேஸ்திரிகள் பேசிக்கொள்வார்களாம். அந்த ‘நம்ம ஆளு ஆகிப்போவது’தான் நான் தேடுகிற பொருள்.

2000ஆம் ஆண்டில் டோக்கியோ மின் நிறுவனத்தின், அதாவது டெப்கோவின், உலைகளில் விரிசல் மறைக்கப்பட்டதாக ஒரு ஆய்வுப் பணியாளர் அரசுக்குக் கடிதம் எழுதினார். அரசுத் தரப்பு அவர் யார் என்பதை டெப்கோவிடமே சொல்லிவிட்டது. விஷயம் ஊருக்குத் தெரிய 2002 ஆகஸ்ட் ஆனது. அணுப் பாதுகாப்பைப் பார்த்த ‘நிசா’ முகமை, அணுமின்சாரத்தை வளர்க்க வேண்டிய அதே பொருளாதார அமைச்சகத்தின் கீழ்தான் இருந்தது. அமைச்சகத்தின் எரிசக்தி முகமைக்குத் தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்ற சில மாதங்களில், 2011 ஜனவரியில், டெப்கோவின் ஆலோசகர் ஆனார். இந்த வழக்கத்துக்கு ‘அமகுதாரி’ என்று பெயர், வானுலகிலிருந்து இறங்குதல் என்று பொருள்.

அப்புறம் அந்த 15.7 மீட்டர். அரசின் நிலநடுக்க ஆய்வு அமைப்பு 2002இல் வெளியிட்ட நீண்டகால மதிப்பீட்டை வைத்து 2008இல் டெப்கோ உள்ளுக்குள் கணக்குப் போட்டபோது வந்த அலை உயரம் இது. நிலையம் ஏறத்தாழ 6 மீட்டர் அலைக்குத்தான் தயாராக இருந்தது. இந்தக் கணக்கு நிசாவின் கைக்குப் போன நாள் 2011 மார்ச் 7. விபத்துக்கு நான்கே நாள் முன்னால்! நிறுவனத்துக்குத் தெரிந்தது கண்காணிக்கிறவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவரிடம் ஆளும் இல்லை, அறிவும் இல்லை. ஒழுங்குபடுத்துபவரும் படுத்தப்படுபவரும் இடம் மாறிப்போனார்கள் என்று குரோகாவா குழு சொன்னது இதைத்தான்.

இவ்வளவையும் தாங்குகிற சொல் எது? ‘வயப்பாடு’ என்று ஐயா ஒருவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டேன். உடன்பாடு, ஈடுபாடு மாதிரி இயல்பான வடிவம். ஆனால் ‘ஒழுங்குமுறை வயப்பாடு’ என்று அவர் கொடுத்த தொடரில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கோபவயப்பட்டான் என்றால் கோபத்துக்கு ஆட்பட்டான். காதல்வயப்பட்டாள் என்றால் காதலுக்கு. முன்னால் நிற்பதுதான் ஆள்கிறது. அப்படியானால் ‘ஒழுங்குமுறை வயப்பாடு’ என்பது ஒழுங்குமுறைக்கு ஆட்படுவது, நேர் எதிர்ப்பொருள். ‘கிசெய் நோ தொரிகோ’விலும் இதே குழப்பம் உண்டு, கட்டுப்பாட்டின் கைதி யார் என்பது அதைப் பார்த்த மாத்திரத்தில் விளங்காது.

எனவே என் முன்மொழிவு: ‘பிறர்வயப்பாடு’. தன்வயம் என்பதன் எதிர்ச்சொல்லாக இதை நிறுத்தலாம். குறளில் வரும் எண்குணத்தான் என்ற சொல்லுக்கு உரை எழுதும் பரிமேலழகர், இறைவனின் குணங்களில் முதலாவதாகத் தன்வயத்தனாதலைத்தான் வைக்கிறார். யாருக்கும் கட்டுப்படாமை. அதை ஒரு ஆணையத்துக்கு இறக்கிக் கொண்டுவருவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். ‘நிசா டெப்கோவின் வயப்பட்டிருந்தது’, ‘பிறர்வயப்பட்ட முகமை’, ‘தன்வயமுள்ள ஆணையம்’, எல்லாம் இடறாமல் வருகின்றன. நிசாவைக் கலைத்து 2012 செப்டம்பரில் புதிய ஆணையத்தைச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பக்கம் கொண்டுபோனதே இந்தத் தன்வயத்துக்காகத்தான்.

‘பிறர்வயப்பாடு என்றால் ஏதோ தானாக நடந்த மாதிரி இருக்கிறதே, நிறுவனம் தப்பித்துவிடாதா’ என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். ரொம்பச் சரியான கேள்வி. இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. வயப்படு என்பது தன்வினை, வயப்படுத்து என்பது பிறவினை. டெப்கோ வயப்படுத்தியது, நிசா வயப்பட்டது. ஆங்கிலத்தின் ஒற்றைப் பெயர்ச்சொல்லில் யார் என்ன செய்தார் என்பது மறைந்துவிடுகிறது. நாம் இரண்டையும் வினையாகவே எழுதலாம், எழுதத்தான் வேண்டும்.

ஏனென்றால் நீதிமன்றங்களில் நடந்தது வேறு. ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 17இல் அரசுக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்று சொன்னது. டெப்கோவுக்கு அரசு உத்தரவு போட்டிருந்தாலும் விபத்தைத் தடுத்திருக்க முடியாமல் போயிருக்கலாம் என்பது காரணம், நான்கு நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த மாதமே டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் டெப்கோவின் முன்னாள் அதிகாரிகள் நால்வர் நிறுவனத்துக்கு 13 லட்சம் கோடி யென்னுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றது. 2025 ஜூனில் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்ற வழக்கில் அரசு வழக்கறிஞர்கள் கைவிட்ட பிறகு குடிமக்கள் குழு வற்புறுத்தித்தான் டெப்கோவின் முன்னாள் அதிகாரிகள் மூவரை நிறுத்தினார்கள், 2019இல் மூவரும் விடுதலை. வயப்பட்டவரும் பொறுப்பில்லை, வயப்படுத்தியவரும் பொறுப்பில்லை என்றால், வீட்டை விட்டுப் போன, நிலையம் இருக்கும் ஃபுதாபா, ஒகுமா ஊர்களின் மக்கள் யாரிடம் போய்க் கேட்பது?

அக்கவுண்டபிலிட்டிக்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘பொறுப்புக்கூறல்’ எனக்கு முழுச் சம்மதம். நம் பக்கத்துப் ‘பொறுப்புடைமை’யை விட அது மேல், எழுந்து நின்று வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கிறது. லயபிலிட்டியை ‘இழப்பீட்டுப் பொறுப்பு’ என்று தனியாக வைத்துக்கொள்வோம், இரண்டையும் கலக்க வேண்டாம்.

நம் ஊருக்கும் இது தேவைப்படும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தன்வயம் போதவில்லை என்று 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதினார். அன்று கூடங்குளம் பற்றித் தமிழில் எழுதியவர்கள் கையில் இப்படி ஒரு சொல் இருந்திருக்கலாம்.

‘பிறர்வயப்பாடு’ வாசிக்கக் கரடுமுரடாக இருக்கிறதா, ‘பிறவயம்’ என்று சுருக்கினால் பொருள் நிற்குமா என்று மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். ‘அமகுதாரி’க்குத் தனி இழை திறக்கிறேன்.

அன்புடன்.