பிளஸ் ஒன்ல 378 மார்க். பிளஸ் டூ தொடங்குறதுக்குள்ள எதைச் சரி பண்றது?

செக்கானூரணி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகன் மதுரையில ஒரு பள்ளியில பிளஸ் ஒன் முடிச்சிருக்கான். கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், தமிழ் மீடியம். ஆண்டுத் தேர்வு மார்க்: தமிழ் 78, இங்கிலீஷ் 66, கணக்கு 51, இயற்பியல் 54, வேதியியல் 58, கம்ப்யூட்டர் 71. 2025-26ல இருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாதுன்னு ஆனதுல, "இந்த மார்க் எதுலயும் சேராதும்மா, பிளஸ் டூல பாத்துக்கலாம்"னு சொல்றான்.

படிக்காத பிள்ளைன்னு சொல்ல முடியாது. புத்தகத்தை விரிச்சு வச்சு மூணு மணி நேரம் உட்கார்றான். "படிச்சிட்டேன்"கிறான். ஆனா பரீட்சைப் பேப்பர்ல வர மாட்டேங்குது. இஞ்சினியரிங் சேரணும்னு ஆசை. ஜூன் வர ஆறு வாரம் இருக்கு. இப்பவே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிக்கச் சொல்லவா? டியூஷனை மாத்தணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேலூர் கணக்கு ஆசிரியர்:

வணக்கம்மா. முதல்ல கட்-ஆஃப் கணக்கைப் பையன் கையாலேயே போடச் சொல்லுங்க. இஞ்சினியரிங் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. இதே மார்க்கைப் பிளஸ் டூலயும் எடுத்தா 51 + 27 + 29 = 107தான் வரும். கணக்குல ஒரு மார்க் கூடினா கட்-ஆஃப்ல முழுசா ஒண்ணு கூடும். இயற்பியல்ல ரெண்டு மார்க் கூடினாத்தான் ஒண்ணு. அதனால ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் படிக்கிறான்னா ரெண்டு மணி நேரம் கணக்குக்குப் போகட்டும்.

மார்க் எதுலயும் சேராதுங்கிறது சான்றிதழ் அளவுல சரி. பாடத்துல அப்படி இல்லை. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்துல பாதி அத்தியாயம் பிளஸ் ஒன் தெரியாம ஓடாது. நேர்மாறு முக்கோணவியல் சார்புகளுக்குப் பிளஸ் ஒன் அலகு 3 முக்கோணவியல் வேணும். வெக்டருக்கு அலகு 8. வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளுக்கு அலகு 10 வகையிடல். தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் ரெண்டுக்கும் அலகு 11 தொகையிடல். இந்த நாலு அலகுதான் விடுமுறைப் பாடம். பிளஸ் ஒன் முழுசையும் திருப்ப வேண்டாம்.

வரிசை முக்கியம். முதல் வாரம் முக்கோணவியல் சூத்திரங்கள், ரெண்டு, மூணாவது வாரம் வகையிடல், அதுக்கப்புறம் தொகையிடல் ரெண்டு வாரம், கடைசி வாரம் வெக்டர். தொகையிடல்ல பல பேர் பகுதி பின்னங்கள் வர்ற இடத்துல அப்படியே நின்னுடுவாங்க. அது அலகு 2ல இருக்கு. தொகையிடலைத் தொடும் முன்னாடி அந்த ஒரு பயிற்சியை மட்டும் போட்டுட்டு வரணும். இல்லேன்னா தொகையிடல் கஷ்டம்னு தப்பா நினைச்சுக்குவான்.

போடுற முறை: எடுத்துக்காட்டுக் கணக்கை ஒரு தடவை வாசிச்சுப் புரிஞ்சுக்கணும். புத்தகத்தை மூடணும். வெள்ளைத்தாள்ல அதே கணக்கைப் போடணும். நின்ன இடத்துல பென்சிலால கோடு போட்டுட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துட்டு, மறுபடி மூடித் தொடரணும். திறந்து வச்சுப் பார்த்துப் பார்த்து எழுதினா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். நீங்க சொல்ற "படிச்சிட்டேன்" அங்கேதான் வருது. கண்ணுக்குப் பழகியிருக்கும், கைக்கு வராது.

அப்புறம் தப்பு நோட்டு. 40 பக்க நோட்டு போதும். ஆண்டுத் தேர்வு விடைத்தாள் பள்ளியில பார்க்கக் கிடைச்சா அதுல இருந்தே ஆரம்பிக்கலாம். கிடைக்கலேன்னா அதே வினாத்தாளை வீட்டுல மூணு மணி நேரம் வச்சு மறுபடி எழுதச் சொல்லுங்க. மார்க் போன ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி: கேள்வி எண், போன மார்க், காரணம். காரணம் அஞ்சே வகைதான். பாடமே தெரியாது, தெரிஞ்சது மறந்துபோச்சு, கூட்டல் கழித்தல் குறித் தப்பு, கேள்வியைச் சரியா வாசிக்கலை, நேரம் போதலை. கடைசியில ஒவ்வொரு வகையிலயும் எத்தனை மார்க் போயிருக்குன்னு கூட்டணும். குறித் தப்புலயே நிறைய போற பிள்ளைக்குப் புது டியூஷன் எதுக்கு? அதுக்கு மருந்து வேற.

உதாரணம் சொல்றேன். ஜூன்ல முதல் பாடமே அணிகள் (மேட்ரிக்ஸ்)தான். 3×3 அணிக்குச் சேர்ப்பு அணி கண்டுபிடிக்கும்போது ரெண்டு இடத்துல வழுக்கும். இணைக்காரணிக்குக் கூட்டல், கழித்தல் மாத்தி மாத்திப் போட மறப்பாங்க. இல்லே, ஒன்பதையும் எழுதிட்டு நிரையை (கிடை வரிசை) நிரலா (செங்குத்து வரிசை) மாத்தாம விட்டுடுவாங்க. ரெண்டையும் அரை நிமிஷத்துல பிடிக்கலாம். மூல அணியோட முதல் நிரையை, கிடைச்ச சேர்ப்பு அணியோட முதல் நிரலால பெருக்கிக் கூட்டினா அணிக்கோவை மதிப்பு வரணும். ரெண்டாவது நிரலால பெருக்கிக் கூட்டினா பூஜ்யம் வரணும். நிரை நிரல் மாத்தாம விட்டிருந்தா பெரும்பாலும் அந்தப் பூஜ்யம் வராது. இப்படி ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு சரிபார்ப்பு இருக்கு. தொகையிட்டா விடையை வகையிட்டுப் பாரு. வகைக்கெழுச் சமன்பாடுன்னா விடையைத் திரும்பப் போட்டுப் பாரு. இதைப் பழக்கமாக்கினா குறித் தப்பு தானா குறையும்.

கோரிப்பாளையம் கோச்சிங்:

சார் சொல்றது சரி. ஆனா ஆறு வாரமும் பிளஸ் ஒன்னே போட்டா ஜூன்ல பையன் பின்தங்கிடுவான். நிறைய பள்ளியில லீவுலயே ஸ்பெஷல் கிளாஸ் வச்சு ரெண்டு பாடம் முடிச்சிடுறாங்க. டிசம்பர்ல அரையாண்டு, அடுத்து திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரில பிராக்டிகல், மார்ச்சில பொதுத்தேர்வு. புதுப்பாடம் படிக்க உண்மையில ஆறு மாசம்தான் கையில இருக்கு. பிளஸ் டூவையும் தொட்டு வைக்கிறது நல்லது.

மேலூர் கணக்கு ஆசிரியர்:

மறுக்கலை. அப்படின்னா பிளஸ் ஒன் அடித்தளம் அதிகம் தேவைப்படாத பாடமா எடுங்க. கணக்குல அணிகள். வேதியியல்ல உலோகவியல். காலை நேரம் பிளஸ் ஒன்னுக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் இதுக்கு. தொகை நுண்கணிதத்தை லீவுல முன்கூட்டியே நடத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம். வகையிடலே தடுமாறுற பிள்ளைக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும்.

திருப்பரங்குன்றம் இயற்பியல்:

அம்மா, இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மார்க். அதுல ஒரு மார்க் 15, ரெண்டு மார்க் கேள்வி 6 எழுதினா 12, மூணு மார்க் 6 எழுதினா 18, அஞ்சு மார்க் 5 எழுதினா 25. மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். 54 வாங்கின பையன்னா, செய்முறைப் பகுதியில நல்ல மார்க் வந்திருந்தா எழுத்துல 70க்கு 25, 26தான் இருக்கும். அதைத் தனியாப் பிரிச்சுப் பாருங்க, நிலைமை தெளிவாத் தெரியும்.

அஞ்சு மார்க் வருவித்தல்லதான் (சூத்திரத்தைப் படிப்படியா கொண்டு வர்றது) மனப்பாடம் கைவிடும். வீட்ஸ்டோன் சமனச்சுற்றை எடுத்துக்குவோம். சமன்பாடுகளை மட்டும் வரிசையா உருப்போட்டவன் நடுவுல ஒரு குறியை மாத்திட்டா முடிஞ்சது. சரியான வழி, முதல்ல படம். நாலு மின்தடையையும் நடுவுல கால்வனோமீட்டரையும் வரைஞ்சு, அஞ்சு மின்னோட்டத்துக்கும் அம்புக்குறி போடணும். அம்புக்குறியைப் பார்த்து ரெண்டு சந்திகளுக்கும் கிர்க்காஃப் மின்னோட்ட விதி. அப்புறம் ரெண்டு மூடிய சுற்றுக்கு மின்னழுத்த விதி: அம்போட திசையில போனா கூட்டல், எதிர்த்துப் போனா கழித்தல். கடைசியா கால்வனோமீட்டர் மின்னோட்டம் பூஜ்யம்னு போட்டா சமனிலை நிபந்தனை தானா விழும். படத்துல அம்பு இருந்தா எந்தக் குறியையும் மனசுல வச்சுக்க வேண்டியதில்லை. திருத்துறவருக்கும் படிநிலைக்கு மார்க் போட இடம் கிடைக்கும். பாதியில விட்டாலும் முழுசும் போகாது.

சின்னக் கணக்குகள்ல மார்க் போறது பெரும்பாலும் அலகு மாத்தாமத்தான். சென்டிமீட்டர், மில்லி ஆம்பியர், மைக்ரோ கூலூம் எல்லாத்தையும் சூத்திரத்துல போடுறதுக்கு முன்னாடியே பத்தின் அடுக்கா மாத்தி, "தரவு"ன்னு தலைப்புப் போட்டு எழுதணும். விடைக்கு அலகு எழுதாம விடக்கூடாது.

ஒரு மார்க் கேள்விக்குக் குறியீடு, விடை ரெண்டையும் சேர்த்து எழுதணும்னு வினாத்தாள்லயே போட்டிருக்கும். புத்தகத்துக்குப் பின்னாடி உள்ளதை மட்டும் படிச்சா 15ம் வராது, பாடத்துக்குள்ள இருந்தும் கேட்பாங்க. பாடம் வாசிக்கும்போதே பக்கத்துக்கு ஒரு கேள்வி அவனே தயாரிக்கட்டும்.

செக்கானூரணி அம்மா:

இவ்வளவு விவரமா சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார். இன்னும் ரெண்டு சந்தேகம். ராத்திரி 12 மணி வரைக்கும் முழிச்சிருக்கான், காலையில எழுந்திருக்க முடியலை. போன்ல பாடம் பார்க்கிறேன்னு சொல்றான், அதைப் பிடுங்கவும் மனசு வரலை. பள்ளி திறந்தா பஸ்ல போக வரவே ஒன்றரை மணி நேரம் போயிடும்.

விடுதிக் காப்பாளர்:

அக்கா, தூக்கத்தைக் குறைச்சுப் படிக்க வைக்காதீங்க. இந்த வயசுக்கு 8 மணி நேரமாவது வேணும். படிச்சது மனசுல தங்குறதுக்குத் தூக்கமும் வேணும். 12 மணியை ஒரே நாள்ல 9.30 ஆக்கினா படுக்கையில புரண்டுக்கிட்டுத்தான் கிடப்பான். நாலு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னாடி நகர்த்துங்க. எழுந்திரிக்கிற நேரத்தையும் கூடவே நகர்த்துங்க. மூணு வாரத்துக்குள்ள காலை 5.30க்கு வந்துடலாம். சித்திரை வெயில்ல பகல் 12ல இருந்து 4 வரைக்கும் கணக்குப் போடச் சொல்லி உட்கார வைக்கிறதும் வீண். காலை 5.30 - 8 கணக்கு, சாயங்காலம் 5 - 6.30 இயற்பியல் இல்லேன்னா வேதியியல். பகல்ல வீட்டுல இடம் இல்லேன்னா வாரத்துல ரெண்டு நாள் நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்புங்க. நோட்டும் ஒரு பாடப்புத்தகமும் போதும்.

போனைப் பிடுங்க வேண்டாம், படிக்கிற அறையை விட்டு வெளியே வையுங்க. வீடியோ பார்க்கிறதுன்னா எந்தக் கணக்குல நின்னுச்சோ அதுக்கு மட்டும், முன்கூட்டியே தாள்ல எழுதி வச்சு. பார்த்து முடிச்சதும் அந்தக் கணக்கை மூடி வச்சுப் போட்டுக் காட்டணும். போடலேன்னா பார்த்தது கணக்குல சேராது. பாடப்புத்தகம் பி.டி.எஃப். வேணும்னா பாடநூல் கழகம் இலவசமாவே போட்டிருக்கு. ஒரே தடவை இறக்கி வச்சுட்டா தினமும் இணையத்துக்குப் போற சாக்கும் இருக்காது.

பஸ்ல புதுப்பாடம் வேண்டாம், நின்னுக்கிட்டு வந்தா ஒண்ணும் ஏறாது. சட்டைப்பையில அடங்குற அட்டை 10 வச்சுக்கட்டும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் சூத்திரமோ வினையோ. தெரிஞ்சதை நாலு நாள் கழிச்சும், தெரியாததை மறுநாளும் பார்க்கிற மாதிரி ரெண்டு ரப்பர் பேண்டுல பிரிச்சு வச்சாப் போதும்.

ஊர்ல திருவிழா, சொந்தக்காரர் வீட்டு விசேஷம்னு நாள் போகும், போகட்டும். விட்டுப்போன நாளை அடுத்த நாள் தலையில ஏத்தாதீங்க. அதுக்காகவே ஞாயிறு மதியத்தைக் காலியா விட்டு வையுங்க.

திருப்பரங்குன்றம் இயற்பியல்:

வேதியியலைப் பத்தி யாரும் சொல்லலையே. பிளஸ் ஒன்ல இருந்து மூணு இடம் போதும்: மோல் கணக்கு வர்ற அலகு 1, சமநிலை வர்ற அலகு 8, கரிம வேதியியல் 11ல இருந்து 14 வரை. அலகு 8 தெரியாம பிளஸ் டூ அயனிச் சமநிலை நகராது. கரிமத்துக்கு ஒரு வழி: பெரிய தாள் நடுவுல பென்சீன்னு எழுதி, அதுல இருந்து கிடைக்கிற ஒவ்வொரு சேர்மத்துக்கும் அம்பு போடணும். அம்பு மேல வினைபொருளும் கீழ வெப்பநிலை, வினையூக்கியும். பிள்ளைங்க விளைபொருளைச் சரியா எழுதிட்டு அம்பு மேல ஒண்ணும் எழுதாம விட்டு மார்க்கை இழப்பாங்க. வாரத்துக்கு ஒரு தடவை வெறும் தாள்ல மறுபடி வரையணும், விட்டுப்போன அம்பை மட்டும் சிவப்பு மையில.

செக்கானூரணி அம்மா:

எப்போ டெஸ்ட் வச்சுப் பார்க்கிறது? வாராவாரம் போதுமா?

மேலூர் கணக்கு ஆசிரியர்:

ஞாயிறு காலை ஒண்ணு போதும்மா. லீவுல 45 நிமிஷம், அந்த வாரம் போட்டதுல இருந்து 25 மார்க்குக்கு: 5 ஒரு மார்க், 2 ரெண்டு மார்க், 2 மூணு மார்க், 2 அஞ்சு மார்க். கேள்வியை அவனே தேர்ந்தெடுக்க விடாதீங்க, எளிசாப் பார்த்து எடுத்துக்குவான். நீங்களே புத்தகத்தைத் திறந்து பயிற்சி எண்ணைச் சொல்லுங்க, பாடம் தெரியணும்னு அவசியமில்லை. அதுல ஒண்ணு மூணு வாரத்துக்கு முன்னாடி போட்டதா இருக்கட்டும்.

ஜூலையில இருந்து முழு வினாத்தாள் பழக்கம். கணக்கு 90 மார்க், 180 நிமிஷம். ஒரு மார்க் 20க்கு 25 நிமிஷம், ரெண்டு மார்க் 7க்கு 28, மூணு மார்க் 7க்கு 42, அஞ்சு மார்க் 7க்கு 70. மீதி 15 நிமிஷம் சரிபார்க்க. ஒரு கணக்கு அதுக்குரிய நேரத்தைத் தாண்டினா அரைப்பக்கம் இடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடணும். ரெண்டு மார்க்லயும் மூணு மார்க்லயும் ஒவ்வொரு கட்டாயக் கேள்வி உண்டு; அதைத் தேர்வு தொடங்குறதுக்கு முன்னாடி கொடுக்கிற 10 நிமிஷ வாசிப்பு நேரத்துலேயே பார்த்து வச்சுக்கணும்.

டியூஷனைப் பத்திக் கேட்டீங்க. தப்பு நோட்டுல "பாடமே தெரியாது"ங்கிற வரிசை நாலு வாரம் கழிச்சும் குறையலேன்னா அப்போ மாத்துங்க. போகும்போது அந்த நோட்டையும் கொடுத்து அனுப்புங்க, சொல்லிக்கொடுக்கிறவர் எங்கே இருந்து தொடங்கணும்னு முதல் நாளே பார்த்துக்குவார்.