நின்ற பஸ்ஸுக்கு முன்னால் கடப்பவர்கள்
(வேலூர் சத்துவாச்சாரி, எங்கள் தெருக் குழு)

சுல்தானா டீச்சர்: காலையில் சர்வீஸ் சாலையில் நின்ற பஸ்ஸுக்கு முன்னால் என் மகன் கடக்கப் போயிருக்கிறான். பஸ்ஸை ஒட்டி ஒரு பைக் பாய்ந்து வந்திருக்கிறது. மயிரிழையில் தப்பினான்.

தயாளன்: ஐயோ! அடி ஏதும் படவில்லையே?

சுல்தானா டீச்சர்: இல்லை அண்ணா. ஒரு செருப்பு சக்கரத்தில் சிக்கி வார் அறுந்ததோடு போயிற்று.

யுவராஜ், பெங்களூரு: அக்கா, எங்கள் வாகனத் தொழில்நுட்பத் துறையில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. வண்டி தன் இடம், வேகம், திசை மூன்றையும் நொடிக்கு 10 முறை வரை ரேடியோவில் சொல்லிக்கொண்டே வரும். நடப்பவரின் போனும் தன் இடத்தைச் சொல்லும். மோதும் நிலை என்றால் இருவருக்கும் எச்சரிக்கை ஒலிக்கும். 2013-லேயே ஹோண்டா செய்து காட்டியது.

முருகேசன் மாமா: கேமரா வைத்த கார்களே வந்துவிட்டனவே, போதாதா?

யுவராஜ், பெங்களூரு: பஸ்ஸுக்குப் பின்னால் இருப்பது கேமராவுக்குத் தெரியாது மாமா. ரேடியோ அலை அக்கம்பக்கத்தில் பட்டுத் தெறித்தாவது வந்து சேரும்.

தயாளன்: என் கடைக்குள் டவர் கிடைப்பதே பெரும்பாடு தம்பி.

யுவராஜ், பெங்களூரு: டவரே வேண்டாம் அண்ணா. மொபைல் தொழில்நுட்பத்திலேயே வண்டியும் கருவியும் நேரடியாகப் பேசும் முறைக்கு 2017-இல் தர விதிகள் வந்துவிட்டன.

முருகேசன் மாமா: பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் கேட்கிறேன். பழைய பஸ் நிலையத்தில் மாலை நேரத்தில் வண்டிக்கு முன்னால் திருவிழாக் கூட்டம் நிற்கும். ஒவ்வொருவருக்கும் அது அலறினால் ஒரே வாரத்தில் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடுவேன்.

யுவராஜ், பெங்களூரு: சிக்கலே அதுதான். திறந்தவெளியிலும் போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். ஓரமாக நிற்பவரை நடுச்சாலையில் நிற்பதாகக் காட்டிவிடும்.

கோமதி அக்கா: என் மாமியார் பட்டன் போனையும் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் பூ வாங்கப் போகிறார். டீச்சர் மகனிடம் போனே இல்லை. அந்தப் பைக் யாரிடம் பேசும்?

யுவராஜ், பெங்களூரு: நியாயமான கேள்வி அக்கா. நடப்பவரிடமும் கருவி இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

முருகேசன் மாமா: அந்தப் பைக் 60-இல் வந்ததாக வைத்துக்கொள். நொடிக்கு எவ்வளவு தூரம்?

யுவராஜ், பெங்களூரு: கிட்டத்தட்ட 17 மீட்டர்.

முருகேசன் மாமா: கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த ஒரு நொடி கழிந்துவிடும். என் பேச்சைக் கேளுங்கள். இங்கே பஸ் ஜீப்ரா கோட்டுக்கு முன்பாகவே நின்றுவிடுகிறது. அதனால் இறங்குகிறவர்கள் பஸ்ஸின் மூக்கை ஒட்டிக் கடக்கிறார்கள். வலப்பக்கம் முந்தி வருபவனுக்கு இவர்கள் தெரியவே மாட்டார்கள். நிறுத்தத்தைக் கோட்டுக்கு அப்பால் தள்ளி வைத்தால் பஸ்ஸின் பின்புறமாகக் கடப்பார்கள். வருகிறவனும் தெரிவான், கடக்கிறவனும் தெரிவான். செலவு ஒரு பலகையும் கொஞ்சம் பெயின்ட்டும்தான்.

கோமதி அக்கா: கலெக்டர் அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துவிடலாம்.

சுல்தானா டீச்சர்: மனுவை நான் எழுதுகிறேன்.

யுவராஜ், பெங்களூரு: பஸ் நிற்கும்போது கோடும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து இணையுங்கள் அக்கா.

தயாளன்: கையெழுத்துக்குத் தாள் என் கடையில் இருக்கும். ஒன்பது மணிக்குள் வாருங்கள், பிறகு சாத்திவிடுவேன்.