பிரிட்டனிக்குப் போனவர்கள்: உயிர் தப்பி ஓடியவர்களா, கூப்பிட்டு வந்த படையா?

சுவடிப்பித்தன்:
பிரான்சின் மேற்கு மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனிக்கு முன்பு அர்மோரிக்கா என்று பெயர். பிரிட்டன் தீவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களால்தான் பெயரே மாறியது. வந்தவர்கள் ஆங்கிலேயர் அல்ல, வேல்ஸ், கார்ன்வால்காரர்களின் முன்னோரான பிரித்தோனியர். இதுவரை சண்டையில்லை. ஆனால் 410 வாக்கில் ரோம் தீவைக் கைகழுவியது, ஜெர்மானியச் சாக்சன்கள் வந்து வெட்டினார்கள், பாவப்பட்ட சனம் படகேறியது என்று ஒரு கதை சொல்வார்களே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சாக்சன்கள் இறங்கியது தீவின் கிழக்கிலும் தெற்கிலும். பிரிட்டனியில் குடியேறியவர்கள் தங்கள் நாடுகளுக்கு வைத்த பெயர்களோ தொம்னோனே, கோர்னுவாய். டெவன், கார்ன்வால் இருக்கும் தென்மேற்கு மூலையின் பெயர்கள். 5ஆம் நூற்றாண்டில் அங்கே சாக்சன் வாடையே இல்லை. கீழத்தெருவில் தீப்பிடித்தால் மேலத்தெருக்காரன் ஊரைக் காலி பண்ணுவானா?

ரோமப் பேரரசர் அந்தேமியுஸ், விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய மக்களுக்கு எதிராக உதவி கேட்டார், ரியோத்தாமுஸ் என்ற பிரித்தோனிய அரசன் 12,000 பேரோடு கடல் வழியாக வந்தான் என்று 6ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோர்தானேஸ் எழுதுகிறார். காலம் 470ஐ ஒட்டி. கூப்பிட்டார்கள், வந்தார்கள். இதில் அகதி எங்கே?

கரைவலை:
ஐயா, அந்த 12,000 பேர் போன இடத்தையும் சொல்லிவிடுங்கள். பூர்ஷ் பக்கம், நடு பிரான்ஸ். தெயோலில் விசிகோத் அரசன் யூரிக்கிடம் அடிவாங்கி, மிச்சப்பேர் பர்கண்டியர்களிடம் அடைக்கலம் போனார்கள். பிரிட்டனிக்குத் திரும்பியதாக யோர்தானேஸ் எழுதவே இல்லை. தோற்றுச் சிதறிய ஒரு படையை வைத்து ஒரு நாட்டின் குடியேற்றத்தையே விளக்குகிறீர்களே!

ஓடியவர்களைப் பற்றி அந்த மக்களில் ஒருவரே எழுதியிருக்கிறார். கில்தாஸ், 6ஆம் நூற்றாண்டுத் துறவி. பாய் விரித்த கப்பலில் ஏலேலோ போட வேண்டிய இடத்தில், எங்களை ஆடுகளைப்போல் இரையாகக் கொடுத்து வேற்று மக்களிடையே சிதறடித்தீர் என்ற சங்கீதத்தைப் பாடிக்கொண்டு, ஓலமிட்டபடி கடல் கடந்தார்கள் என்கிறார். கூலிப்படை இப்படியா பாடும்?

சுவடிப்பித்தன்:
கில்தாஸ் எழுதியது வரலாறு இல்லை, பிரசங்கம். அரசர்களையும் பாதிரிகளையும் திட்டித் தீர்ப்பதுதான் அவர் வேலை. ஓலம் இல்லாமல் அவருக்குப் பத்தியே நகராது.

படைக்குச் சாட்சி வேண்டுமா? ரியோத்தாமுஸுக்கே அந்தக் காலத்து ஆயர் சிடோனியுஸ் அப்போலினாரிஸ் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. ஒரு சாதாரண ஆள், வாயில்லாப் பூச்சி, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான். அவனுடைய அடிமைகளைப் பிரித்தோனியர்கள் ரகசியமாக ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். உங்கள் ஆட்கள் ஆயுதமும் கும்பலுமாக, யாருக்கும் அடங்காதவர்களாக இருக்கிறார்கள், இந்த ஏழை தனியாக நின்றால் பேச்சு எடுபடுமா, நீங்களே விசாரியுங்கள் என்று கெஞ்சுகிறார் சிடோனியுஸ். அழுதுகொண்டு கரையேறிய கூட்டத்தைப் பற்றி எழுதுகிற கடிதமா இது?

நம்பமாட்டேன்:
இரண்டு பேரும் வந்தார்கள், வந்தார்கள் என்கிறீர்கள். பெருங்கூட்டமாக வந்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அர்மோரிக்காவில் ஏற்கெனவே காலியர்கள், அதாவது பழைய பிரான்சின் குடிகள் இருந்தார்கள், பிரித்தோனியரைப் போலவே அவர்களும் கெல்ட் மொழிதான் பேசினார்கள். பிரிட்டனியின் பிரெத்தோன் மொழியில் பழைய காலிய மொழி பெருமளவு உயிரோடு இருக்கிறது என்று பால்ஹுன் என்ற அறிஞர் வாதாடியிருக்கிறார், அதிலும் வான் (Vannes) நகர வட்டார வழக்கை முக்கியமாகக் காட்டி. அந்த வழக்கில் அழுத்தம் கடைசி அசையில் விழும், மற்ற வழக்குகளில் அதற்கு முந்தைய அசையில். நாலு பாதிரி, நானூறு சிப்பாய் வந்தாலே ஊர்ப்பெயர் மாறிவிடும்.

ஓதேக்கரை:
நான் பிரிட்டனியிலதான் இருக்கிறன், கெம்பேரில. சொந்த ஊர் பருத்தித்துறை. இஞ்ச ரோட்டுப் பலகையெல்லாம் இரண்டு மொழியில. பிரெத்தோனில கெம்பேர் எண்டால் ஆறுகள் சேருற இடம். ஓதே ஆறும் ஸ்தேர் ஆறும் ஊருக்குள்ளதான் சேருது. வேல்ஸ் மொழியிலும் அதுக்கு ‘கிமெர்’ எண்டுதான் சொல்லினம். பாணுக்கு இரண்டு மொழியிலும் ‘பாரா’, வைனுக்கு ‘க்வின்’. கார்ன்வால் மொழி இன்னும் கிட்ட. நம்பமாட்டேன் அண்ணை, காலிய மொழி தன்ர பாட்டில வளந்திருந்தா நடுவில கடலை வச்சுக்கொண்டு இவ்வளவு ஒத்துப்போகுமே? காலியத்தின்ர செல்வாக்கு கொஞ்சம் கலந்திருக்கலாம், அதுக்கு நான் மறுப்புச் சொல்லேல்லை.

அதோட இஞ்ச எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘ப்ளூ’ எண்டு தொடங்குற ஊர்தான். ப்ளூகஸ்தெல், ப்ளூவா. லத்தீன் ‘ப்ளெப்ஸ்’ எண்ட சொல்லு, அதாவது சனம். ஒரு கோயிலைச் சேர்ந்த பங்குச் சனம். வேல்ஸிலும் பங்குக்கு ‘ப்ளுய்வ்’ எண்டுதான் பேர். படை போட்ட முகாமெண்டால் கோட்டைப் பேரெல்லோ நிறைய இருக்கவேணும்?

சுவடிப்பித்தன்:
கடைசிக் கேள்வி நல்ல கேள்வி, யோசிக்க வைக்கிறது. ஆனால் ப்ளூ ஊர்களெல்லாம் முதல் நாளே முளைத்தவை இல்லையே. படை முதலில் நிலம் பிடித்திருக்கும், சனம் பின்னால் வந்திருக்கும்.

கரைவலை:
அப்படி வாருங்கள்! ஆனால் அந்த வரிசையும் இடிக்கிறது. 461இல் தூர் நகரத்தில் கூடிய ஆயர் மன்றத்தில் மன்சுவேத்துஸ் என்பவர் கையெழுத்திட்டிருக்கிறார், ‘பிரித்தோனியரின் ஆயர்’ என்று. மற்ற ஆயர்கள் ஊர்ப்பெயர் போட, இவர் மட்டும் மக்களின் பெயர் போடுகிறார். ரியோத்தாமுஸ் வருவதற்கு எட்டொன்பது வருடம் முன்பே!

உங்கள் மேலத்தெருக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. தீ கீழத்தெருவில் மட்டும் இல்லை. மேற்குக் கரையில் அயர்லாந்துக்காரர்கள் கொள்ளையடித்தார்கள், குடியேறவும் செய்தார்கள். வேல்ஸிலும் கார்ன்வாலிலும் நிற்கிற ஓகம் எழுத்துக் கற்கள் யார் நட்டவை?

எனக்குப் பிடித்த சாட்சி வேறு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூர், ரென், ஆன்ழே ஆயர்கள் மூவர் சேர்ந்து லொவொகாத்துஸ், கத்திஹெர்னுஸ் என்ற இரண்டு பாதிரிமாரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். குற்றம் என்ன? பலகையைத் தூக்கிக்கொண்டு குடிசை குடிசையாகப் போய் அதையே பீடமாக வைத்துப் பூசை செய்கிறார்கள், கூட வரும் பெண்கள் கிண்ணத்தை எடுத்துச் சனத்துக்குக் கொடுக்கிறார்கள்! ஆயர்கள் அலறுகிறார்கள். அந்தக் குடிசைகளில் இருந்தவர்களுக்குச் சம்பளம் யார் கொடுத்தது, அந்தேமியுஸா?

நம்பமாட்டேன்:
அந்தக் கடிதத்தில் பிரித்தோனியர் என்ற சொல்லே இல்லை. பெயரை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள்.

கரைவலை:
லொவொகாத்துஸ் என்று காலிய ரோமானியன் எவன் பிள்ளைக்குப் பெயர் வைப்பான்? சரி, அதை விடுங்கள். இன்னொரு பிரித்தோனியக் கூட்டம் ஸ்பெயினின் வடமேற்கில், கலீசியாவில் போய் இறங்கியது. 572இல் பிராகாவில் கூடிய மன்றத்தில் அவர்களுடைய ஆயர் மைலோக் கையெழுத்திட்டிருக்கிறார். அசல் பிரித்தோனியப் பெயர். லூகோ மாகாணத்தில் இன்றும் பிரெத்தோன்யா என்று ஊர் இருக்கிறது. அங்கே அப்போது ஆண்டது சுவேவியர்கள் என்ற ஜெர்மானியர்கள். அந்தப் பிரித்தோனியரை எந்தப் பேரரசர் கூப்பிட்டார், சுவடி ஐயா?

சுவடிப்பித்தன்:
கலீசியாவுக்கு என்னிடம் படை இல்லை. ஆனால் அங்கே சாக்சனும் துரத்தவில்லை, ஓகம் கல்லும் இல்லை. வியாபாரக் கப்பல் போகிற வழியில் துறவிகளும் ஏறிப் போயிருக்கலாம். ஓடிவந்தவர்கள் என்று அதற்கும் முத்திரை குத்தாதீர்கள்.

ஓதேக்கரை:
இரண்டு பேரும் ஒண்டை மறக்கிறியள். எங்கட தமிழாக்களில பாரிசுக்கு முதல் வந்தவை, அவை கூப்பிட்டு வந்தவை, அகதி எண்டு வந்தவை எல்லாருக்கும் இப்ப ஒரே பேர்தான். பாரிசில தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பெல்ல கடை வச்சிருக்கிறவையைக் கேட்டுப் பாருங்கோ, ஆர் எதில வந்தது எண்டு.

நாளைக்கு ப்ளூகஸ்தெல் பக்கம் ஒரு வேலை இருக்கு. பலகையைப் படம் எடுத்துப் போடுறன். ‘கஸ்தெல்’ எண்டால் கோட்டை எண்டு சுவடி ஐயா துள்ளப்போறார்.