வீட்டில் கார் சார்ஜ் போட்டால் உண்மையில் எவ்வளவு முடிகிறது? வன்னியில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

கிளிநொச்சி, கனகபுரம்:
பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வாங்கும்போது எல்லோரும் சொன்னது, "பெற்றோலுக்குப் போற காசிலை கால்வாசி போதும்" என்று. என் கணக்கில் அது பாதி. பாதியும் நல்ல மிச்சம்தான். ஆனால் கால்வாசி என்று நம்பியவர் முதல் பில்லைக் கண்டதும் திகைத்துப்போவார், அதனால் விபரமாக எழுதுகிறேன்.

கார் வருமுன் எங்கள் வீட்டுக்கு மாதம் 85 யூனிட். 2025 ஜூனில் கட்டணம் கூடிய பிறகு அதற்கு 1,600 ரூபாவுக்குச் சற்று மேலே வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சந்தை, இடையிடையே முல்லைத்தீவு என்று மாதம் 900 கிலோமீற்றர் ஓடுகிறேன். அதற்கு மீற்றரில் 150 யூனிட் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து 235. பில் 10,000 ரூபாவைத் தொட்டுவிட்டது.

காரணம் படிமுறைக் கட்டணம். அந்த 2025 கட்டணத்தில் முதல் 60 யூனிட் 12.75 ரூபா. 121இலிருந்து 180 வரை 41 ரூபா, 180க்கு மேல் 61 ரூபா. நிலையான கட்டணமும் 400இலிருந்து 2,100க்குத் தாவியது. விளக்கும் விசிறியும் கீழ்ப்படிகளை முன்பே எடுத்துவிட்டன, கார் குடிக்கும் யூனிட்டில் முக்கால்வாசிக்கு மேல் அந்த இரண்டு விலையிலும்தான் விழுகிறது. கூடிய தொகை 8,300 ரூபா அளவில், அதாவது கிலோமீற்றருக்கு 9 ரூபா சொச்சம். முன்பிருந்த பெற்றோல் கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடியது. அப்போதைய விலையில் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 20 ரூபா.

இன்னொன்று. கார்த் திரை 20 யூனிட் ஏறியது என்று காட்டும்போது மீற்றர் 23 காட்டுகிறது. சார்ஜரிலும் பற்றரியிலும் சூடாகப் போகும் மின்சாரத்துக்கும் நாம்தான் கட்டுகிறோம். கணக்குப் பார்ப்பவர்கள் மீற்றரைப் பாருங்கள். உங்கள் வீடுகளில் எப்படி?

வவுனியா, குருமன்காடு:
அண்ணை, உங்கள் கணக்கு சரி. நான் சொல்ல வருவது அடுத்தவர் வீட்டுக் கணக்கு.

புதுக்குடியிருப்பில் சின்னம்மா தனியே இருக்கிறார். இங்கிருந்து 90 கிலோமீற்றருக்குக் கிட்ட. என் காரில் ஒரு வழிதான் போகலாம், திரும்புவதற்கு அங்கே சார்ஜ் போட வேண்டும். முதல் தடவை இரவு அவர் வீட்டு விறாந்தையில் போட்டேன், 15 யூனிட் ஏறியிருக்கும். காலையில் காசை நீட்டினால், "கரண்டுக்கும் காசு தாறியோ? அப்ப நேற்றுச் சாப்பிட்ட புட்டுக்கும் கணக்குப் போடுவியோ?" என்று கோபித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் போனபோது அலுமாரித் தட்டில் பில் கிடந்தது. அவர் வழக்கமாக 55 யூனிட்டுக்குள் நிற்பவர். அதற்கு 545 ரூபா. அந்த மாதம் 70 யூனிட், 1,350 ரூபா. 60 யூனிட்டைத் தாண்டினால் கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 4.50க்கும் 8 ரூபாவுக்கும் எரித்த முதல் 60 யூனிட்டும் 12.75 ஆகிவிட்டது. என் 15 யூனிட் அவருக்கு 800 ரூபா செலவு வைத்திருக்கிறது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழி முட்டை விற்றுச் சேர்த்த காசில் கட்டியிருக்கிறார்.

இப்போது போகும்போது அவருக்கு மா, சீனி, பருப்பு என்று அந்தப் பெறுமதிக்கு மேலாக வாங்கிக்கொண்டு போகிறேன். சாமானை வாங்குவார், காசை வாங்கமாட்டார். உறவினர் வீட்டில் பிளக் போடும் எல்லோரும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். மாதம் 60க்குள் வாழும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய.

மாங்குளம்:
பில்லுக்கு முதல் வயரிங்குக்குக் காசு ஒதுக்குங்கள். நான் ஒதுக்கவில்லை. காரோடு வந்த சார்ஜரை, பழைய வயரில் இருந்த 13 அம்பியர் சொக்கெட்டில் எக்ஸ்ரென்ஷன் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு பிளாஸ்டிக் எரியும் மணம். ஓடிப்போய்ப் பார்த்தால் சொக்கெட்டின் முகம் தேயிலைச் சாய நிறத்தில் உருகியிருந்தது, பிளக்கைத் தொட முடியாத சூடு. அருகிலே நெல்மூட்டை அடுக்கியிருந்தோம். அயன் பெட்டி பத்து நிமிடம் இழுக்கும் கரண்டை இது எட்டு மணித்தியாலம் விடாமல் இழுக்கிறது, அந்த வித்தியாசம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிறகு பிரதான போர்ட்டிலிருந்து தனி லைன், தடித்த வயர், தனி ட்ரிப் சுவிச் போட்டோம். அப்போதும் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி ஏற்க மறுத்தது. எர்த் சரியில்லை. வைகாசி, ஆனியில் எங்கள் நிலம் பாறைபோல் இறுகி வெடித்துக் கிடக்கும், எர்த் கம்பி காய்ந்த மண்ணுக்குள் சும்மா நின்றிருக்கிறது. புதுக் கம்பியைக் கிணற்றடிக்குப் பக்கத்தில், குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் இறக்கினோம். அன்றைக்கே சார்ஜ் ஏறியது.

மன்னார்:
எங்கள் வீட்டில் திரீ பேஸ் (மும்முனை மின்) இணைப்பு இருந்ததால் நேர அடிப்படையிலான கட்டணத்துக்கு மாறினேன். இதில் படிமுறை இல்லை, எந்த நேரத்தில் எரிக்கிறீர்கள் என்பதுதான் விலை. இரவு 10.30இலிருந்து அதிகாலை 5.30 வரை மலிவு, மாலை 6.30இலிருந்து 10.30 வரை மிக அதிகம். காரில் நேரம் வைத்துவிட்டால் 10.30க்குத் தானாகவே தொடங்கும்.

ஆனால் வீடு முழுவதும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். இரவுச் சமையல், ரீவி, பிள்ளைகள் படிக்கும் லைட் எல்லாம் அந்த நான்கு மணித்தியாலத்துக்குள்தானே. மனைவி இப்போது தண்ணீர் மோட்டரையும் அயனையும் விடியற்காலையில் முடித்துவிடுகிறார். மாதம் 500, 600 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவர்கள் மாறுமுன் இரண்டு விதமாகவும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

விசுவமடு:
சோலார் இருந்தால் பகலிலும் போடலாம். எங்களுக்குப் பழைய நெற் மீற்றரிங் இணைப்பு, சோலார் தரும் யூனிட் நாங்கள் எரிக்கும் யூனிட்டில் அப்படியே கழியும். வெயிலுக்கு இங்கே குறைவில்லை, ஆனால் அறுவடைக் காலத்தில் தூசி படிந்து உற்பத்தி குறைகிறது, கிழமைக்கு ஒரு தடவை கழுவுகிறோம். நீண்ட ஓட்டம் முடிந்து வந்தவுடன் மத்தியான வெயிலில் மட்டும் போடாதீர்கள். லீஃப் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. மாமர நிழலில் இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டே போடுகிறேன்.

முள்ளியவளை:
தம்பிமார், உங்கள் ரூபா சதக் கணக்கைப் பேரன் வாசித்துக் காட்டினான். தொண்ணூறுகளில் இங்கே பெற்றோலுக்குத் தடை. கார்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். வீதி முழுவதும் கரும்புகை. அந்த மண்ணெண்ணெயும் இலேசில் கிடையாது. கரண்ட் என்பதே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம்.

இப்போது மகன் இரவில் சார்ஜ் போட்டதும் மீற்றரில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு படபடவென்று அடிக்கும். நித்திரை வராவிட்டால் விறாந்தையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கார் ஓடுகிறது என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயம்தான். மாதம் எவ்வளவு வருகிறது என்று மகன் சொல்வதில்லை. 235 யூனிட்டுக்கு 10,000 என்றால் அவனுக்கும் அப்படித்தான் வரும் போல. என் பென்சனில் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

கிளிநொச்சி, கனகபுரம்:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நாலு துளி பெற்றோல் கதை அவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

மாங்குளம் அண்ணை சொன்னதைப் படித்துவிட்டு சார்ஜர் சொக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கச் செப்புக் கம்பி கறுத்திருக்கிறது. இன்றிரவு சார்ஜ் போடவில்லை. வயரிங் ஆள் சனிக்கிழமை வருகிறார், எர்த் கம்பிக்குக் கிணற்றடியில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். எவ்வளவு முடிந்தது என்று அப்புறம் இங்கேயே எழுதுகிறேன்.